குறியில்லாத பம்பரம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதை என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். நான் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியர். என்னிடம் இருப்பது ஒரு பயிற்சிச் சான்றிதழும், பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும்தான். ஆகவே அவர்களுக்குப் பிடித்த ஒரு பொருளைப் பற்றியே பேச நினைக்கிறேன். பம்பரத்தைப் பற்றி!

"என்னங்க சார், பரிசளிப்பு விழாவிலே பம்பரமா?" என்று நீங்கள் கேட்கலாம். நான் சொல்லப் போவது சாதாரணப் பம்பரம் அல்ல. உலகத்திலேயே மிக உருண்டையான பம்பரங்களில் ஒன்று. அதைச் செய்து, சுற்றிவிட்டு, அது எவ்வளவு திரும்பியது என்று அளந்து முடிக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. அதில் நம்ம ஊர் ஈயத்துக்கும் ஓர் உறவு உண்டு. பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. இப்போது நாம் எல்லாரும் சுற்றிக்கொண்டிருக்கிறோம். பூமி தன்னைத்தானே சுற்றுவதால், கமுந்திங்கில் உட்கார்ந்திருக்கும் நாம் மணிக்கு ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம். யாருக்காவது தலை சுற்றுகிறதா? இல்லை. அப்படியானால் பூமி சுற்றுகிறது என்பதை வானத்தைப் பார்க்காமல், ஓர் அறைக்குள்ளேயே இருந்து கண்டுபிடிக்க முடியுமா?

முடியும் என்று காட்டியவர் பிரான்சு நாட்டு பூக்கோ. 1851ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் உயர்ந்த மண்டபம் ஒன்றில் 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோ எடையுள்ள குண்டைத் தொங்கவிட்டு ஊசலாட விட்டார். நேரம் போகப்போக, குண்டு ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்பியது. உண்மையில் குண்டு ஒரே வாட்டத்தில்தான் ஆடுகிறது. அதன் கீழே தரைதான் திரும்புகிறது. பாரிஸில் அந்த ஊசல் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப ஏறத்தாழ 32 மணி நேரம் ஆகும். அதே ஊசலை நம் கமுந்திங்கில் கட்டினால் என்ன ஆகும்? நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், வடக்கே சுமார் ஐந்து பாகையில் இருக்கிறோம். இங்கே ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 12 நாள் ஆகும். நிலநடுக்கோட்டிலேயே கட்டினால் திரும்பவே திரும்பாது. ஆறாம் வகுப்பு மாணவர்களே, ஏன் என்று யோசித்து வையுங்கள். பள்ளி திறந்ததும் கேட்பேன்.

அடுத்த ஆண்டே, 1852இல், பூக்கோ இன்னொரு கருவியைச் செய்து அதற்குக் கைரோஸ்கோப் என்று பெயரும் வைத்தார். அது வேறொன்றுமில்லை, எந்தப் பக்கமும் தாராளமாகத் திரும்பும்படி வளையங்களுக்குள் மாட்டிய பம்பரம். பம்பரத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். வேகமாகச் சுற்றும்வரை அதன் அச்சு பிடித்த திசையை விடாது. வளையத்தை நீங்கள் எப்படித் திருப்பினாலும் உள்ளே சுற்றுகிற சக்கரம், "நான் பார்த்த திசை இதுதான்" என்று நிற்கும். கப்பலும் விமானமும் திசை தவறாமல் போக இந்தக் குணம்தான் உதவியது. இன்று உங்கள் கைத்தொலைபேசியைச் சாய்த்தால் படம் சாய்கிறதே, அதற்குள்ளும் திரும்புவதை உணரும் ஒரு சின்னஞ்சிறு கருவி இருக்கிறது. அது சுற்றுவதில்லை, அதிர்கிறது. ஆனால் செய்கிற வேலை அதே வேலைதான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஐன்ஸ்டைன் 1915ஆம் ஆண்டு ஒரு புதிய கருத்தைச் சொன்னார். பெரிய பொருள் ஒன்று இருந்தால் அதைச் சுற்றியுள்ள வெளியே வளைகிறது என்றார். 1918இல் லென்ஸ், திர்ரிங் என்ற இருவர் அதே கணக்கை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள். அந்தப் பெரிய பொருள் சுற்றவும் செய்தால், தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் சற்றே இழுத்துக்கொண்டு சுற்றும் என்று விடை வந்தது. பாயசச் சட்டியில் கரண்டியை நட்டு அப்படியே திருகினால், கரண்டியை ஒட்டியிருக்கும் பாயசமும் கொஞ்சம் சேர்ந்து சுழலும் அல்லவா? அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு அப்படிச் சொல்லுகிறது. உண்மையா? எப்படி அளப்பது? 1960ஆம் ஆண்டை ஒட்டி ஒரு யோசனை பிறந்தது. பூமியைச் சுற்றும் செயற்கைக் கோளில் ஒரு கைரோஸ்கோப்பை வைப்போம். அதன் அச்சைத் தூரத்து விண்மீன் ஒன்றை நோக்கி நிறுத்துவோம். ஒரு வருடம் கழித்துப் பார்ப்போம். வெளி வளைந்திருந்தால், பூமி வெளியை இழுத்திருந்தால், பம்பரத்தின் அச்சு சிறிதே திரும்பியிருக்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஷிப், பேர்பேங்க், கேனன் என்ற மூவர் இந்த வேலையைத் தொடங்கினார்கள். 1962இல் எவரிட் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார்.

எவ்வளவு திரும்பும்? வெளி வளைந்திருப்பதால் வருடத்துக்கு 6.6 விகலை. வெளி இழுபடுவதால் வருடத்துக்கு 0.039 விகலை. ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு விகலை. அந்த 0.039 விகலை எவ்வளவு சிறியது தெரியுமா? அரைக் கிலோமீட்டர் தூரத்தில் ஒருவர் ஒற்றைத் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த முடியின் பருமன் நம் கண்ணுக்குக் காட்டும் கோணம்தான் அது. அந்த அளவு திரும்ப ஒரு வருடம்!

இங்கேதான் பெரிய சிக்கல். இவ்வளவு நுட்பமாக அளக்க வேண்டுமானால் பம்பரம் துல்லியமான உருண்டையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் கனம் கூடினாலும் அச்சு தானாகவே ஆடிப்போகும். ஆகவே பிங்-பாங் பந்தளவில், 38 மில்லிமீட்டர் குறுக்களவில், உருக்கிய குவார்ட்ஸ் என்ற கண்ணாடிப் பொருளில் உருண்டை செய்து தேய்த்தார்கள். எத்தனை வழுவழுப்பு? அந்த உருண்டையைப் பூமி அளவுக்குப் பெரிதாக்கினால், அதன் மிக உயர்ந்த மலைக்கும் மிக ஆழமான பள்ளத்துக்கும் வித்தியாசம் நாலு மீட்டர்கூட வராது. நம்ம பக்கத்தில் இருக்கும் புக்கிட் லாரூட் மலையே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, உருண்டை தயார். அதைச் சுற்றிவிட்டாயிற்று. இப்போது அச்சு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாம் பம்பரத்தில் வண்ணக் கோடு போட்டுப் பார்க்கிறோம். இதில் கோடு போட்டால் அந்தக் கோட்டின் கனமே உருண்டையைக் கெடுத்துவிடும். குறி வைத்தால் பம்பரம் கெடும். குறி இல்லாவிட்டால் அச்சு தெரியாது. இதற்கு என்ன வழி? பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். "சார், தொட்டுப் பார்த்தா தெரியும்" என்றான் ஒருவன். தொட்டால் நின்றுபோகுமே!

இதற்கு வழி கொடுத்ததுதான் மீகடத்தி. இந்த இடத்தில் நம்ம ஊர் ஈயம் வருகிறது.

மின்சாரம் கம்பியில் ஓடும்போது கம்பி சூடாகும். தைப்பூசக் கூட்டத்தில் இடித்துக்கொண்டும் மோதிக்கொண்டும் நாம் நகர்வதைப்போல, மின்னணுக்கள் மோதி மோதி ஓடுவதால் வரும் தடை அது. 1911ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டு ஆனஸ் என்ற அறிஞர், பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர வைத்தபோது, அந்தத் தடை சட்டென்று அடியோடு மறைந்தது. அடுத்த ஆண்டு அவருடைய ஆய்வுக்கூடம் இன்னொரு உலோகத்திலும் இதைக் கண்டது. அது வெள்ளீயம்! தைப்பிங்கையும், அக்காலத்தில் கிளியான் பாரு என்று பெயர் கொண்டிருந்த நம் கமுந்திங்கையும் உருவாக்கிய அதே ஈயம். அந்த ஈயத்துக்காகத்தான் லாரூட்டில் சண்டை நடந்தது. அந்த ஈயத்தைக் கொண்டுபோகத்தான் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை இந்நாட்டின் முதல் ரயில் ஓடியது. அதற்குள் இப்படியொரு குணம் ஒளிந்திருந்தது அன்று யாருக்குத் தெரியும்?

மீகடத்திக்குள் மின்னணுக்கள் இரண்டிரண்டாக இணை சேர்ந்து, கோலாட்டக் குழுவைப்போல ஒரே தாளத்தில் நகர்கின்றன. யாரும் யாரையும் இடிப்பதில்லை. இனிக் கேளுங்கள். அந்தக் குவார்ட்ஸ் உருண்டையின்மேல் நையோபியம் என்ற உலோகத்தை மெல்லிய படலமாகப் பூசினார்கள். நையோபியமும் மீகடத்தியே. நம் பேராக் ஈயச் சுரங்கங்களின் கழிவு மணலை 'அமாங்' என்பார்களே, அதில் சிறிதளவு கிடைக்கும் கொலம்பைட் என்ற கனிமத்தில் உள்ள உலோகம்தான் நையோபியம். உருண்டையைக் குளிரவைத்துச் சுற்றினால், படலத்தின் அணுக்கள் உருண்டையோடு சேர்ந்து சுற்றும். மேற்பரப்பை ஒட்டியுள்ள மின்னணு இணைகள் மட்டும் ஒரு நூலிழை பின்தங்கும். அந்தப் பின்தங்கலால் ஒரு சிறு மின்னோட்டம் உண்டாகும். மின்னோட்டம் இருந்தால் காந்தமும் இருக்கும். அந்தக் காந்தத்தின் திசை எது? சரியாகச் சுழலும் அச்சின் திசை! பிரிட்ஸ் லண்டன் என்ற அறிஞரின் பெயரால் இதை லண்டன் காந்தத் திருப்பம் என்கிறார்கள். வெளியிலிருந்து யாரும் குறி வைக்கவில்லை. சுழற்சியே தனக்குத்தானே குறி வைத்துக்கொண்டது.

ஆனால் அந்தக் காந்தம் மிக மிக மெலிந்தது. நிமிடத்துக்கு 4,000 முறை சுற்றும் உருண்டையில்கூட, திசைகாட்டி முள்ளைத் திருப்புகிற பூமிக் காந்தத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதன் திசையில் வருகிற தலைமுடியளவு மாற்றத்தையும் படிக்க வேண்டும். அதற்கும் மீகடத்தியே கருவி தந்தது. அதன் பெயர் ஸ்குவிட்.

ஸ்குவிட் என்பது மீகடத்தியால் செய்த ஒரு சிறு வளையம். வளையத்தில் இரண்டு இடங்களில் மிக மெல்லிய தடுப்பு இருக்கும். மின்னணு இணைகள் அந்தத் தடுப்பையும் ஊடுருவிப் போகும் என்று 1962இல் சொன்னவர் ஜோசப்சன். அப்போது அவர் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த 22 வயது மாணவர். அதற்காக 1973இல் நோபல் பரிசு பெற்றார். 1964இல் போர்டு கார்க் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில்தான் இந்த வளையம் முதலில் செய்யப்பட்டது. விளையாட்டுப் போட்டியன்று அணிவகுப்பைப் பார்த்திருப்பீர்கள். ஓர் அணி இரண்டு வரிசையாகப் பிரிந்து, இரண்டு வாசல் வழியே நுழைந்து, மறுபக்கம் சேருகிறது. சேரும்போது கால் பொருந்தினால் நடை சீராகப் போகும்; பொருந்தாவிட்டால் தடுமாறும். வளையத்தின் நடுவே போகும் காந்தப்புலம் மிகச் சிறிதே மாறினாலும் இந்தக் கால் பொருத்தம் மாறிவிடும். அதை மின்னழுத்த மாற்றமாக நாம் படிக்கலாம். அவ்வளவுதான் சூட்சுமம்.

இது ஏதோ அமெரிக்காக்காரர்கள் மட்டும் செய்கிற வித்தை என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில், சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில், 1971இல் தொடங்கி இன்று இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று விளங்கும் நிலையத்தில், நையோபியத்தாலேயே ஸ்குவிட் செய்கிறார்கள். அதைக் கொண்டு மனித இதயமும் மூளையும் எழுப்பும் காந்தப்புலத்தை அளக்கும் கருவிகளை அமைத்திருக்கிறார்கள். மூளையின் காந்தம் பூமிக் காந்தத்தில் பல கோடியில் ஒரு பங்கு. வெளிக்காந்தம் நுழையாத தனி அறைக்குள், தலையைத் தொடாமல், கத்தி வைக்காமல், மூளையில் எந்த இடம் எப்போது வேலை செய்கிறது என்று பார்க்கிறார்கள். விண்வெளிப் பம்பரத்தின் அச்சைப் படித்த அதே வகை வளையம்தான் இங்கே நோயாளிக்கு உதவுகிறது.

கதைக்குத் திரும்புவோம். வேலை தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஷிப் 1971இல் காலமானார். பேர்பேங்க் 1989இல் காலமானார். அன்று இளைஞராக வந்த எவரிட் தலை நரைத்த தலைவராக நின்றார். 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் 'கிராவிட்டி புரோப் பி' என்ற செயற்கைக் கோள் ஏவப்பட்டது. நான்கு உருண்டைகள். எதையும் தொடாமல் மிதந்தன. 2,400 லிட்டருக்கு மேற்பட்ட திரவ ஹீலியம் அவற்றைக் குளிர வைத்தது. துருவத்துக்குத் துருவம் 642 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, ஏறத்தாழ ஒரு வருடம் அளந்தது.

அளந்து முடித்துப் பார்த்தால், அச்சுகள் எதிர்பார்த்த அளவைவிட அதிகமாக ஆடியிருந்தன! உருண்டையின் மேலும் அதைச் சுற்றியுள்ள கூட்டின் மேலும் திட்டுத் திட்டாக மின்னேற்றம் இருந்ததுதான் காரணம். கண்ணுக்குத் தெரியாத அந்தத் திட்டுகள் உருண்டைகளை மெல்லத் தள்ளிவிட்டன. செயற்கைக் கோளோ மேலே இருக்கிறது. போய்த் துடைத்துவிட்டு வர முடியாது.

இந்த இடத்தில் என்ன செய்வார்கள்? விடை முன்கூட்டியே தெரியும். ஐன்ஸ்டைன் கணக்கு 0.039 என்கிறது. கொஞ்சம் அங்கே கழித்து, கொஞ்சம் இங்கே கூட்டி, "பாருங்கள், 0.039 வந்துவிட்டது" என்று எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. குறை இருக்கிறது என்று வெளியே சொன்னார்கள். பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து, அந்தத் திட்டுகள் எப்படித் தள்ளின என்று கணக்கிட்டு, அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். 2008இல் நாசா பண உதவியை நிறுத்திவிட்டது. அப்போது காலமான பேர்பேங்கின் மகன் தம் பணத்தைக் கொடுத்தார். பின்பு சவூதி அரேபிய அறிவியல் நிறுவனம் ஒன்றும் கைகொடுத்தது.

2011ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். வெளி வளைவதால் 6.606 விகலை வர வேண்டும். அவர்கள் அளந்தது 6.602. வெளி இழுபடுவதால் 0.0392 வர வேண்டும், அளந்தது 0.0372. அதோடு நிற்கவில்லை. "இந்தக் கடைசி எண்ணில் 0.0072 கூடவோ குறையவோ இருக்கலாம்" என்றும் எழுதினார்கள். நூற்றுக்கு ஒரு பங்கு பிசகுக்குள் அளப்போம் என்று கிளம்பியவர்கள், நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு பிசகு இருக்கிறது என்று தாங்களே கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். செலவோ 75 கோடி அமெரிக்க டாலரை ஒட்டியது. இதற்கிடையில், 2004ஆம் ஆண்டிலேயே, வேறு செயற்கைக் கோள்களை லேசர் ஒளியால் அளந்து இன்னொரு குழுவினர் இதே இழுப்பைக் கண்டதாக அறிவித்திருந்தார்கள். "இவ்வளவு செலவு தேவையா?" என்று கேட்டவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் அந்தக் கூட்டல் கழித்தல் குறியை அவர்கள் மறைக்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாணவனின் தகப்பனார் என்னிடம், "இதெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்கு சார்? வேலைக்கு ஆகிறதைச் சொல்லிக் கொடுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வீட்டுச் செலவு தெரிந்தவர் அப்படித்தான் கேட்பார். அவருக்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

நம் தாத்தா பாட்டிகள் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போனார்கள். மரம் சீவி, பால் எடுத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார்கள். அங்கே பாலை நிறுத்தார்கள். மெட்ரோலாக் என்ற மிதப்புக் கருவியைப் பாலில் விட்டு, அதில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்த்தார்கள். கிராணி ஒரு எண்ணை எழுதினார். அந்த எண்தான் கூலி. அந்த எண்தான் அந்த வாரத்து அரிசி. அது சரியா, தவறா என்று கேட்க நம்மவர்களில் பலருக்கு வழியில்லை. கருவியைப் படிக்கத் தெரியாது. தெரிந்தாலும் கேட்கத் துணிவு வராது. "எழுதியாச்சு, போ" என்றால் போக வேண்டியதுதான். நேர்மையாக எழுதிய கிராணிகளும் இருந்தார்கள். அவர்களைப் பெரியவர்கள் இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறார்கள். அளப்பவரின் நேர்மை ஒரு குடும்பத்தின் சோறு என்பது நமக்குப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவேதான் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன். எந்த எண்ணைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதை எதனால் அளந்தார்கள்? எப்படி அளந்தார்கள்? பிசகு எவ்வளவு இருக்கலாம்? அறிவியல் பாடம் உங்களுக்குத் தருவது இந்த மூன்று கேள்விகளைத்தான். சம்பளச் சீட்டைப் படிக்கும்போதும் இவை வேண்டும். மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைத் தாளைப் படிக்கும்போதும் வேண்டும். நாளை நீங்கள் இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் அமர்ந்தாலும் வேண்டும். அன்று வாளியோடு வரிசையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளான நீங்கள், நாளை அளப்பவர் நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். அங்கே உட்காரும்போது அந்தக் கூட்டல் கழித்தல் குறியையும் சேர்த்து எழுதுங்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை தேர்வில் 72 எடுத்து வந்தால், "ஏன் 90 இல்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்த 28 போச்சு, வா பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்காருங்கள். போன இடத்தைத் தேடுவதற்கு அந்த அறிஞர்கள் ஐந்து வருடம் உட்கார்ந்தார்கள். நமக்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

மாணவச் செல்வங்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிறவர்களுக்கு என் பாராட்டுகள். வாங்காதவர்களுக்கும் ஒன்று சொல்லுகிறேன். ஷிப்பும் பேர்பேங்கும் தாங்கள் தொடங்கிய பம்பரம் சுற்றுவதைப் பார்க்காமலேயே போனார்கள். ஆனாலும் 2011இல் வந்த முடிவில் அவர்களுக்குப் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் இன்று ஒழுங்காகச் செய்கிற சிறு வேலையும் அப்படியே ஒருநாள் கணக்கில் சேரும். நான் விட்டுச் செல்லும் ஊசல் கணக்கை மறந்துவிடாதீர்கள். கமுந்திங்கில் ஏன் 12 நாள், நிலநடுக்கோட்டில் ஏன் திரும்பவில்லை? விடை தெரிந்தவர்கள் பள்ளி திறந்த முதல் நாள் என்னைத் தேடி வரலாம். பரிசாக ஒரு பம்பரம் வாங்கி வைத்திருக்கிறேன்.